பண்டிகைக் கறி மிஞ்சிவிட்டது: சமைப்பதா, கொட்டுவதா?

பக்ரீத், தீபாவளி, ஆடி மாசத்துக் கூழ், குடியாத்தம் பக்கம் என்றால் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு வந்த கறி முழுவதும் அன்றைக்கே தீர்ந்துவிடுவதில்லை. ரெண்டு நாள் கழித்து ஃப்ரிட்ஜைத் திறந்தால், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய கோழிப் பாக்கெட் ஒன்றில் நாளைய தேதி போட்டிருக்கும், பக்கத்திலேயே தேதி எதுவும் இல்லாத கறுப்புக் கவரில் அரை கிலோ மட்டன் இருக்கும். மட்டன் விற்கிற விலைக்கு அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. அப்போது நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அக்கா, கொஞ்சம் மோந்து பாருங்களேன், நல்லாத்தானே இருக்கு?"

"வாசனை ஒண்ணும் வரல. ஆனா எப்ப வெட்டினது, எத்தனை மணிக்கு ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சே?"

அக்கா திருப்பிக் கேட்ட கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. வெட்டியதிலிருந்து இப்போது வரை கறி எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது, எவ்வளவு நேரம் குளிரில் இருந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். மோந்து பார்ப்பது அதற்கு அப்புறம்.

ஏன் என்றால், கறியில் வளரும் பாக்டீரியாக்களை ரெண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு கூட்டம் கறியைக் கெடுக்கும் கூட்டம். சூடோமோனாஸ் போன்றவை இதில் வரும். கறி பிசுபிசுக்கிறது, நாறுகிறது, மேலே பச்சை படிகிறது என்றால் அது இவர்கள் வேலை. இன்னொரு கூட்டம் நம்மை நோயில் தள்ளும் கூட்டம்: சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், லிஸ்டீரியா, ஸ்டஃபைலோகாக்கஸ், கிளாஸ்ட்ரிடியம், சில வகை ஈ.கோலை. இந்த ரெண்டாவது கூட்டம் ஒருவரைப் படுக்கவைக்கும் அளவுக்குப் பெருகிய பிறகும் கறியின் நிறமோ வாசனையோ மாறாமல் இருக்கலாம். ஆகவே மூக்கு "இது கெட்டுப்போச்சு" என்று சொன்னால் மறுபேச்சு இல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள், "இது நல்லது" என்று அது சொல்வதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இப்போது சூட்டுக் கணக்கு. 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரைக்கும் உள்ள இடைவெளியில்தான் இந்தக் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன, அதிலும் நம் உடம்புச் சூட்டை ஒட்டிய 30, 40 டிகிரியில் அவற்றுக்குக் கொண்டாட்டம். வசதியான சூழல் கிடைத்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று ஒரு மணி நேரத்தில் 8 ஆகும், நாலு மணி நேரத்தில் 4,096 ஆகும். காலையில் ஒரு மணி நேரம் வெளியே இருந்ததற்கும் மதியம் வரைக்கும் இருந்ததற்கும் இருக்கும் வித்தியாசம் நாலு மடங்கு இல்லை, நூற்றுக்கணக்கான மடங்கு என்பது இதிலிருந்தே தெரியும்.

சமைக்காத கறியோ சமைத்த கறியோ வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான் என்பது பல நாடுகளிலும் சொல்லப்படும் பொது விதி. வேலூரில், ஆற்காட்டில், வாணியம்பாடியில் மே மாசம் 40 டிகிரியைத் தாண்டுவது யாருக்கும் செய்தியே இல்லை, வீட்டுக்குள்ளேயே 35 இருக்கும். ஆகவே நமக்கு அந்த 2 மணி நேர விதி மார்கழி, தை மாசத்தில் மட்டும்தான் பொருந்தும், மீதி நாளெல்லாம் 1 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம். பக்ரீத் வேறு ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்து வருகிறது: 2023-இல் ஜூன் 29, 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7. இதே கணக்கில் அடுத்து வரும் ஆண்டுகளில் அது நேராகக் கத்திரி வெயிலுக்குள் போய் விழுகிறது. ஆம்பூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு மாதிரி வீட்டுக்கு வீடு குர்பானிக் கறி பங்கு போகும் ஊர்களில் இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

குர்பானிக் கறியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டின் உடம்புச் சூடு சுமார் 39 டிகிரி. அறுத்து, உரித்து, துண்டு போட்டு, உறவுக்கு, ஏழைகளுக்கு, வீட்டுக்கு என்று பங்கு பிரித்து கவரில் கட்டும்போது கறி இன்னும் கதகதப்பாகத்தான் இருக்கும். அந்தக் கதகதப்போடு அஞ்சு கிலோவை ஒரே கவரில் முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் திணித்தால் வெளிப்பக்கம் உறைந்துபோகும், நடுவில் இருக்கும் கறி மணிக்கணக்காகச் சூட்டிலேயே கிடக்கும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் மேலே கல்லு மாதிரி இருக்கும், பிரித்தால் நடுவிலிருந்து ஒரு வாடை வரும். இதைத் தவிர்க்க, வந்த உடனே அகலமான தட்டுகளில் பரப்பி, மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சில மணி நேரம் கழித்து நன்றாகக் குளிர்ந்ததும் அரை கிலோ அரை கிலோவாகத் தட்டையான பொட்டலமாகப் போட்டு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அறுத்த சூடு ஆறாத கறியை நேராக உறைய வைத்தால் தசை சுருங்கி, அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் ரப்பர் மாதிரி இழுக்கும். பங்கு கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கவரை நீட்டும்போதே "காலையில எட்டு மணிக்கு அறுத்தது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வாங்குகிறவருக்கு அதைவிட உபயோகமான தகவல் கிடையாது.

அடுத்தது தேதி போட்ட பாக்கெட். பாக்கெட்டில் இரண்டு விதமான வாசகம் வரலாம். "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்பது ருசியையும் தரத்தையும் பற்றியது. அதைத் தாண்டினால் சுவை குறையலாம், அவ்வளவுதான். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது பாதுகாப்பைப் பற்றியது, அதைத் தாண்டிய பச்சைக் கறியைச் சமைக்கக் கூடாது, ஒரு நாள்தானே என்று பேரம் பேசவும் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதிகளின்படி இந்த இரண்டாவது தேதிதான் கட்டாயம், முதலாவது கம்பெனியின் விருப்பம்.

ஆனால் நிறைய பேர் கவனிக்காத ஒரு வரி அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும்: 0 முதல் 4 டிகிரியில் வைக்கவும் என்று, அல்லது உறைந்த பாக்கெட்டாக இருந்தால் மைனஸ் 18 டிகிரியில் வைக்கவும் என்று. அந்தத் தேதி உண்மையாக இருப்பது அந்த வரியைக் காப்பாற்றியவருக்கு மட்டும்தான். காட்பாடியில் வாங்கி, வண்டியில் மாட்டிக்கொண்டு, வழியில் மார்க்கெட்டில் இறங்கி காய்கறி வாங்கி, ஒன்றரை மணி நேரம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்த பாக்கெட்டில் இன்னும் மூன்று நாள் பாக்கி என்று போட்டிருந்தாலும் அந்த மூன்று நாள் இப்போது இல்லை. கறியைக் கடைசியாக வாங்குங்கள், முடிந்தால் ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட்டோடு கொண்டுவாருங்கள்.

வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில்தான் ஓடுகிறதா என்பதும் நமக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் திருகில் போட்டிருக்கும் 1, 2, 3 எல்லாம் டிகிரி கிடையாது. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் எண் கூடக் கூடக் குளிர் கூடும், வெயில் காலத்தில் அதைக் கூட்டி வைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் தெர்மோமீட்டர் கிடைக்கிறது, ஒன்றை வாங்கி நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். பண்டிகை நாளில் கதவு நிமிஷத்துக்கு ஒருமுறை திறக்கப்படும், ஜூஸ் பாட்டில், மாவு, பாயசப் பாத்திரம் என்று உள்ளே காற்று போக வழியில்லாமல் அடைந்திருக்கும். அந்த மாதிரி நாளில் 4 என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜ் 8, 10 என்று காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கதவில் இருக்கும் தட்டுகள்தான் இருப்பதிலேயே சூடான இடம், கறியை அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.

சரி, 4 டிகிரி உண்மையாகவே இருக்கிறது என்றால் எத்தனை நாள்? மட்டன் துண்டுகள் 3 முதல் 5 நாள். கோழி 1 முதல் 2 நாள். கொத்துக்கறி, ஈரல், குடல், மண்ணீரல் எல்லாம் கோழி கணக்கில்தான், 1 முதல் 2 நாள். கொத்துக்கறிக்கு ஏன் இவ்வளவு குறைவு என்றால், முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும், கொத்தும்போது அது உள்ளே எல்லா இடத்துக்கும் பரவிவிடுகிறது. இந்த 5 நாள் என்பது வெட்டியதிலிருந்து விடாமல் குளிரிலேயே இருந்த கறிக்கான கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். விடிகாலையிலிருந்து கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்து, பத்து மணிக்கு நாம் வாங்கிய மட்டனுக்கு என்னைக் கேட்டால் 2 நாள்தான் கொடுப்பேன். அதற்குள் சமைக்க முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே ஃப்ரீசருக்குப் போய்விட வேண்டும்.

தேதி நெருங்கிய கறிக்கு உண்மையில் நல்ல வழி அதுதான். மைனஸ் 18 டிகிரியில் கிருமி சாவதில்லை, ஆனால் பெருகுவது நின்றுவிடுகிறது. கடைசித் தேதிக்கு முன்னால் உறைய வைத்தால் தேதியை அங்கேயே நிறுத்தி வைத்த மாதிரி ஆகும். தேதி முடிந்தபிறகு உறைய வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அதுவரை பெருகியதெல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கும். வெளியே எடுத்துக் குளிர்விட்ட பிறகு 24 மணி நேரத்துக்குள் சமைத்துவிடுங்கள். குளிர்விட வைக்கும் இடம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, சமையல் மேடை கிடையாது. மேடையில் வைத்தால் நடுவில் ஐஸ் கரைவதற்குள் மேல்பக்கம் 30 டிகிரிக்குப் போய்விடும். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கரைந்த கறியைச் சமைக்காமல் திரும்ப உறைய வைப்பதில் ஆபத்து இல்லை, ருசி மட்டும் குறையும். மேடையில் கரைந்ததைத் திரும்ப ஃப்ரீசருக்குள் தள்ளாதீர்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலே இருக்கும் சின்னப் பெட்டி பல நேரம் மைனஸ் 18-ஐ எட்டாது, ஆகவே அதில் மாசக்கணக்காகச் சேர்த்து வைக்கவேண்டாம், ரெண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிடலாம்.

நேரக் கணக்கு சரியாக வந்த கறியைத்தான் இனி கண்ணாலும் மூக்காலும் பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்த்து நிறைய பேர் ஏமாறுகிறார்கள், ரெண்டு பக்கமும். காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்டிய பாக்கெட்டைப் பிரித்தால் மட்டன் கருஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட ஊதாவாக இருக்கும், ஒரு அடைந்த வாடையும் வரும். பயப்பட வேண்டாம். கறியில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதத்துக்கு ஆக்சிஜன் கிடைக்காததால் வந்த நிறம் அது. தட்டில் எடுத்து ஃப்ரிட்ஜிலேயே ஒரு கால் மணி, அரை மணி நேரம் விட்டால் சிவப்பு திரும்பும், வாடையும் போய்விடும். போகாமல் புளித்த நாற்றமாக நின்றால் கொட்டிவிடுங்கள். அதே புரதம் நாளாக ஆகப் பழுப்பாகும், பழுப்பு மட்டுமே கெட்டதற்கு அடையாளம் ஆகாது. பச்சையாக மினுங்குவது, விரலை வைத்து எடுத்தால் நூல் மாதிரி இழுப்பது, கழுவின பிறகும் வழவழப்புப் போகாமல் இருப்பது, பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பது, இதில் எது ஒன்று இருந்தாலும் கதை முடிந்தது. மோந்து பார்க்கிறவர்கள் மேலாக மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். மட்டனில் எலும்பை ஒட்டிய இடத்தைப் பிரித்துப் பாருங்கள், கோழியில் இறக்கைக்கு அடியில், தொடை மடிப்பில் பாருங்கள், நாற்றம் முதலில் அங்கேதான் கிளம்பும். ஆட்டுக் கறிக்கு உரிய கவிச்சி வேறு, புளிப்பும் முட்டை அழுகின வாடையும் வேறு, கறி சமைத்துப் பழகின எவருக்கும் வித்தியாசம் தெரியும்.

லேசாக வாடை வருகிறதே என்று மஞ்சளும் எலுமிச்சையும் தயிரும் போட்டுப் பிசைந்து வைப்பது பல வீட்டில் இருக்கும் பழக்கம். வாடை அடங்கும், கறி நல்லதாகாது. பார்த்து முடிவெடுக்க இருந்த ஒரே அடையாளத்தையும் நாமே அழித்துவிடுகிறோம், அவ்வளவுதான் அதில் நடப்பது. நல்ல கறியைப் பிரியாணிக்காக ஊறப் போடுவதாக இருந்தாலும் ராத்திரி முழுக்க ஊற வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜுக்குள்தான்.

"குக்கர்ல ஆறு விசில் விட்டா எந்தக் கிருமியும் செத்துடும்" என்று சொல்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. கோழி, கொத்துக்கறி எல்லாம் உள்ளே 74 டிகிரிக்குச் சூடேறினால் சால்மோனெல்லா உள்பட உயிரோடு இருக்கும் கிருமிகள் செத்துவிடும், குக்கரில் 120 டிகிரி வரைக்கும் போகிறது. பிரச்சினை கிருமி விட்டுப்போகும் விஷத்தில் இருக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் நம் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் கறிக்குப் போகிறது, சூட்டில் கிடக்கும் நேரத்தில் ஒரு விஷத்தை உண்டாக்குகிறது, அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி எடுக்க வைப்பது பெரும்பாலும் இதுதான். ஆகவே மத்தியானம் முழுக்க வெளியே மறந்துபோன கறியைக் குக்கரால் காப்பாற்ற முடியாது.

சமைத்த கறியைப் பற்றியும் பேசிவிடலாம், ஏனென்றால் பண்டிகையில் பலரும் படுத்துக்கொள்வது பச்சைக் கறியால் அல்ல, அண்டாவில் மிஞ்சியதால். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி, கெட்டியான உறை போட்ட வித்து வடிவில் இருந்து கொதியைத் தாங்கிக்கொள்ளும். அண்டா நிறைய இருக்கும் குருமாவோ தால்ச்சாவோ மெதுவாக ஆறும்போது, நடுவில் 40, 45 டிகிரி வந்ததும் அந்த வித்துகள் முளைத்து மளமளவென்று பெருகும். பிரியாணியில் இன்னொன்றும் சேரும்: அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ், இதுவும் வித்தாகத் தாங்கும், இதன் ஒரு விஷமும் சூட்டுக்கு மசியாது. மதியம் தம் உடைத்த பிரியாணியை அண்டாவிலேயே மூடி வைத்து ராத்திரி பத்து மணிக்கு வந்தவருக்குப் போடுவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது, அதை நிறுத்துங்கள் என்றுதான் மன்றாடிக் கேட்கிறேன். பந்தி முடிந்ததும் மிச்சத்தைச் சின்னச் சின்ன டப்பாக்களில், இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் பிரித்து, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முழுக்க ஆறட்டும் என்று சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பதுதான் இலக்கு. எடுத்துச் சாப்பிடும்போது தேவையானதை மட்டும் எடுத்து நடுவரைக்கும் ஆவி பறக்கச் சூடு பண்ணுங்கள், 3, 4 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

பாட்டி காலத்தில் கறிக் குழம்பைக் காலையும் மாலையும் கொதிக்க வைத்தே மூன்று நாள் ஓட்டினார்களே என்றால், ஓட்டினார்கள். ஒவ்வொரு கொதியிலும் முளைத்ததெல்லாம் சாகும், புளியும் உப்பும் மிளகாயும் கொஞ்சம் தடுக்கும், அதனால் பல தடவை தப்பித்திருக்கிறார்கள். இரண்டு கொதிக்கு நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் உருவாகும் விஷத்துக்கு அந்த முறையில் பதில் இல்லை. ஃப்ரிட்ஜ் இருக்கும் வீட்டில் அதைத் தொடர வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் போட்ட உப்புக்கண்டம் வேறு விஷயம், அது உப்பாலும் வெயிலாலும் ஈரத்தை எடுத்துவிடுவதால் கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காமல் நிற்பது. ஆனால் அதை நல்ல கறியில்தான் போட்டார்கள். கெடப்போகிறதே என்று மூன்றாம் நாள் கறியை எடுத்து உப்பு தடவினால் அது உப்புக்கண்டம் ஆகாது.

கரண்ட் போனால்: கதவைத் திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜ் பகுதி சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு கிண்ணம் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் ஐஸுக்கு மேலேயே இருந்தால் எதுவும் கரையவில்லை. அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் முழுக்கக் கரைந்து மறுபடி உறைந்திருக்கிறது, உள்ளே இருக்கும் கறி பார்க்கக் கல்லாக இருந்தாலும் அதை எடுக்காதீர்கள்.

வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை அல்லது சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர், கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால் சந்தேகமான கறிக்கு அந்த வீட்டில் இடமே கிடையாது. லிஸ்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரக்கூடியது, கர்ப்பத்தைக் கலைக்கும் அளவுக்கு மோசமானது. தப்பான கறியைச் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்த தண்ணீர்கூட நிற்காத வாந்தி, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொட்டுவது என்று முடிவானால் இரண்டு கவர் போட்டு இறுக்கிக் கட்டி, குப்பை வண்டி வரும் நேரத்தில் நேராக வண்டியில் போடுங்கள், தெருமுனையில் வைத்தால் நாய் இழுத்துப் போடும். அந்தக் கவர் இருந்த ஃப்ரிட்ஜ் தட்டில் சிந்திய ரத்தத் தண்ணீரைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கத்தியையும் பலகையையும் சேர்த்து. அதே தட்டில்தான் நாளைக்குக் கொத்தமல்லிக் கட்டும் தக்காளியும் வரப்போகிறது.